பாறை ஏறத் தெரிந்தவர்களுக்கு ஓர் ஊர்

கிருஷ்ணகிரி வழியாகப் போகாதவர்கள் தமிழ்நாட்டில் குறைவு. கிருஷ்ணகிரியில் இறங்கி ஊரைப் பார்த்தவர்கள் அதைவிடக் குறைவு. சென்னையிலிருந்து பெங்களூர் போகிறவர்கள், சேலம், மதுரைப் பக்கமிருந்து ஏறி வருகிறவர்கள், திண்டிவனம், புதுச்சேரியிலிருந்து வருகிறவர்கள் எல்லோரும் எங்கள் மேம்பாலங்களின் மேலே போகிறார்கள். காபி குடிக்கிறார்கள், டோல்கேட்டில் வரிசை நீளம் என்று முனகுகிறார்கள், போய்விடுகிறார்கள். என் நாத்தனாரும் அந்தக் கூட்டத்தில் ஒருத்திதான். அம்பத்தூரில் வீடு, மாமியார் வீடு பெங்களூரில். போகும்போது ஒருமுறை, வரும்போது ஒருமுறை எங்கள் வீட்டில் சாப்பாடு. ஒவ்வொரு தடவையும் கை கழுவிக்கொண்டே ஒரே கேள்வி: "அண்ணி, உங்கள் ஊரில் அணையைத் தவிரப் பார்க்க என்னதான் இருக்கிறது?"

நான் காவேரிப்பட்டணத்தில் பிறந்து கிருஷ்ணகிரிக்கு வாக்கப்பட்டவள். ஒரு மாங்கூழ் ஆலையில் கணக்கு எழுதுகிறேன். ஊர்ப் பெருமை பேசுவது எனக்குப் பிடிக்காத வேலை. ஆனாலும் அந்தக் கேள்வி உறுத்திக்கொண்டே இருந்தது. சென்ற பொங்கல் விடுமுறையில் அவளையும் அவள் வீட்டுக்காரரையும் பன்னிரண்டு வயது மகனையும் பிடித்து நிறுத்தி, ஊரைச் சுற்றிக் காட்டினேன். அவர்களிடம் சொன்னதையும் சொல்ல நேரமில்லாமல் விட்டதையும் இங்கே எழுதுகிறேன்.

என் பதில் சுருக்கமானது. எங்கள் ஊரில் பார்க்க வேண்டியது பாறை. கடல் இல்லை, ஊட்டிக் குளிர் இல்லை, பெரிய கோபுரம் இல்லை. எந்தத் தெருவின் கடைசியில் நின்று பார்த்தாலும் ஒரு மொட்டைப் பாறைக் குன்று நிற்கும். கோட்டை கட்டியவர்களும் செத்தவர்களைப் புதைத்தவர்களும் சாமி கும்பிட்டவர்களும் அந்தப் பாறையை நம்பித்தான் செய்திருக்கிறார்கள். இப்போது அதை அறுத்து மெருகேற்றிக் கிரானைட் என்று விற்கிறவர்களும் அதை நம்பித்தான் இருக்கிறார்கள்.

முதலில் ஏற வேண்டியது சையத் பாஷா மலை. பழையபேட்டைப் பக்கம் அடிவாரம். காலை ஆறு மணிக்கு ஏறத் தொடங்கிவிட வேண்டும். எட்டு மணிக்கு மேல் பாறை சூடேறினால் பிறகு வரும் வார்த்தைகளை நான் இங்கே எழுத முடியாது. படிகள் உண்டு, ஆனால் ஒரே அளவில் இல்லை. நிதானமாக ஏறினால் ஒரு மணி நேரம் ஆகும். தண்ணீர் நீங்கள்தான் கொண்டுபோக வேண்டும். வழியில் கடை எதுவும் கிடையாது. செருப்பு வேண்டாம், ஷூ போடுங்கள். நாத்தனார் புதுச் செருப்போடு வந்தாள். பாதி வழியில் அதைக் கையில் தூக்கிக்கொண்டாள்.

மேலே விஜயநகர காலத்துக் கோட்டை. மதில்கள், பாறையில் தேங்கிய சுனைகள், மேற்கூரை போன மண்டபங்கள், ஒரு தர்கா. கட்டடத்தைப் பார்த்து வியக்க வேண்டும் என்று நான் யாரையும் கட்டாயப்படுத்தமாட்டேன். செஞ்சியைப் பார்த்தவர்களுக்கு இது சின்னதுதான். மலையின் செங்குத்தைத்தான் நின்று பார்க்க வேண்டும். 1791 நவம்பரில், மூன்றாம் மைசூர்ப் போரின்போது, மேக்ஸ்வெல் என்ற ஆங்கிலேயத் தளபதி இரவு நேரத்தில் இந்தக் கோட்டையைத் தாக்கினார். கீழே இருந்த பேட்டை அவர் கைக்கு வந்தது, மேல்கோட்டை வரவில்லை. திப்புவின் வீரர்கள் மேலிருந்து பாறைகளை உருட்டிவிட்டார்கள். பீரங்கி வைத்திருந்த படை கல்லடி பட்டுத் திரும்பியது. அந்தச் சரிவில் நின்று கீழே பார்த்தால், இதற்குப் போர்த்திறமை எதுவும் தேவையில்லை, கடப்பாரை ஒன்று போதும் என்று தோன்றும்.

கோட்டையைப் போரில் பிடிக்க முடியாதவர்களுக்கு அடுத்த ஆண்டே உடன்படிக்கையில் கிடைத்துவிட்டது. 1792-இல் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் கையெழுத்தானபோது பாராமகால் என்று அப்போது அழைக்கப்பட்ட எங்கள் பகுதி முழுவதும் திப்புவிடமிருந்து கிழக்கிந்தியக் கம்பெனி வசம் போனது. அதை நிர்வகிக்க வந்த அலெக்சாண்டர் ரீடின் உதவியாளர்களில் ஒருவர் தாமஸ் மன்றோ. இதைச் சொன்னதும் நாத்தனாரின் வீட்டுக்காரர் நிமிர்ந்து பார்த்தார். சென்னையில் தீவுத்திடல் அருகே குதிரைமேல் உட்கார்ந்திருக்கிறாரே, அவரேதான். விவசாயியிடம் அரசாங்கமே நேராக வரி வாங்கும் ரயத்துவாரி முறையை ரீடும் அவரும் பழகிப் பார்த்தது எங்கள் மண்ணில்தான். நிலத்தை அளந்து, தரம் பிரித்து, ஒவ்வொருவர் பெயருக்கும் தீர்வை எழுதினார்கள். பட்டாவுக்காகத் தாலுகா அலுவலகத்தில் காத்து நிற்கும் எல்லோருக்கும் அந்தக் குதிரைக்காரரோடு ஒரு பழைய உறவு உண்டு.

மலை உச்சியிலிருந்து தெற்கே அணையின் நீர்ப்பரப்பு மின்னும். கீழே நெடுஞ்சாலைகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி இறங்கும். பையன் கேட்டான்: "அத்தை, ரயில் தண்டவாளம் எங்கே?" இல்லை. மாவட்டத் தலைநகர்தான், 2004-இல் தர்மபுரியிலிருந்து பிரிந்து தனி மாவட்டமும் ஆகிவிட்டது, ஆனால் ஊருக்கு ரயில் இல்லை. முன்பு இருந்தது என்பதுதான் வயிற்றெரிச்சல். 1905-இல் திருப்பத்தூரிலிருந்து இங்கே குறுகிய பாதையில் ரயில் வந்தது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், 1941-இல், நிறுத்திவிட்டார்கள். போர் முடிந்து இவ்வளவு காலம் ஆகியும் தண்டவாளம் திரும்பி வரவில்லை. ஒவ்வொரு தேர்தலிலும் வருகிறது, எண்ணிக்கை முடிந்ததும் போய்விடுகிறது.

இறங்கியதும் காலைச் சாப்பாடு. இட்லி தோசை எங்கேயும் கிடைக்கும், அதைப் பற்றி எழுத எதுவும் இல்லை. மதியம் கேழ்வரகுக் களி கிடைக்கும் இடமாகப் பார்த்து உட்காருங்கள். மொச்சைக் குழம்போ நாட்டுக்கோழிக் குழம்போ இருந்தால் நல்லது. களியை மெல்லாமல் விழுங்க வேண்டும் என்று நான் சொல்வதற்குள் பையன் மென்றுவிட்டான். அன்று முழுவதும் தண்ணீர் குடித்துக்கொண்டே இருந்தான்.

காந்தி சாலையில் அரசு அருங்காட்சியகம் இருக்கிறது. 1993-இல் திறந்தது. வெள்ளிக்கிழமை விடுமுறை என்பதை மறக்க வேண்டாம். உள்ளே இருக்கும் பல பொருள்களை அரை மணி நேரத்தில் பார்த்துவிடலாம். எல்லா மாவட்ட அருங்காட்சியகங்களிலும் இருப்பவைதான். ஆனால் நடுகற்கள் முன்னால் உட்காருங்கள். மாடு மீட்கப் போய்ச் செத்தவன், புலியைக் குத்திச் செத்தவன், ஊருக்காக அம்பு வாங்கியவன் என்று ஒவ்வொரு கல்லிலும் ஒரு சாவு. சில கற்களில் மூன்று அடுக்கு இருக்கும். கீழ் அடுக்கில் சண்டை. நடுவில் தேவமகளிர் இரண்டு பக்கமும் தோள் கொடுத்து அவனை மேலே தூக்கிப் போகிறார்கள். மேல் அடுக்கில் அவன் சிவலிங்கத்தின் முன்னால் இருக்கிறான். எழுதப் படிக்கத் தெரியாத ஊருக்கும் புரியும்படி அவன் கதையைக் கல்லில் சொல்லிவிட்டார்கள்.

இதை நான் பள்ளியில் படிக்கவில்லை. என் அப்பாவின் ஊரில் ஏரிக்கரை வேப்பமரத்தடியில் வேடியப்பன் கோயில் உண்டு. சுவர் கிடையாது, கூரை கிடையாது, நிற்கும் கல் ஒன்று மட்டும். சுண்ணாம்பு பூசி, மஞ்சள் தடவி, கிடா வெட்டுவோம். கல்யாணமான பிறகுதான், ஒரு நாள் மழையில் சுண்ணாம்பு கரைந்து போயிருந்தபோது, அந்தக் கல்லில் வில் பிடித்த ஒரு கை தெரிந்தது. எங்கள் சாமி ஒரு நடுகல். கிருஷ்ணகிரி, தர்மபுரி இரண்டு மாவட்டங்களிலும் பல வேடியப்பன்கள் இப்படித்தான். அருங்காட்சியகத்தில் இருக்கும் கற்களுக்குக் கண்ணாடிப் பெட்டியும் பெயர்ப்பலகையும் கிடைத்தன, ஏரிக்கரையில் இருப்பவர்களுக்குப் பொங்கல் கிடைக்கிறது. யார் கொடுத்துவைத்தவர் என்று என்னைக் கேட்டால் ஏரிக்கரைக்காரர்தான்.

நடுகற்கள் பிடித்துவிட்டால் தர்மபுரியில் இன்னும் நிறைய இருக்கின்றன. அங்கே தொல்லியல் துறை அவற்றுக்கென்றே ஓர் அகழ்வைப்பகம் வைத்திருக்கிறது. அருகில் பார்க்க வேண்டுமானால் காவேரிப்பட்டணத்தை ஒட்டித் தென்பெண்ணைக் கரையில் இருக்கும் பெண்ணேஸ்வரமடம் போங்கள். பழைய சிவன் கோயில், சோழர் காலக் கல்வெட்டுகள், நடுகற்கள், ஆற்றங்கரை. கூட்டமே இருக்காது. திரும்பும்போது காவேரிப்பட்டணத்தில் பால்கோவாவும் நிப்பட்டும் வாங்குங்கள். பிறந்த ஊர் என்பதால் சொல்லவில்லை. சரி, அதனாலும்தான் சொல்கிறேன்.

நான் அழைத்துப் போன இடங்களில் நாத்தனார் வாயே திறக்காமல் நின்றது மல்லச்சந்திரத்தில். ஓசூர் சாலையில் சூளகிரிப் பக்கம் போய்க் கிராமத்துக்குள் திரும்ப வேண்டும். பஸ்ஸை நம்பிப் போகாதீர்கள், சொந்த வண்டியோ வாடகை வண்டியோ தேவை. ஊரில் விசாரித்தால் பாறைக்கு வழி காட்டுவார்கள். ஏறுவது சிரமமில்லை. மேலே போனால் மண்ணே இல்லாத வெறும் பாறையின் முதுகில், கல்பலகைகளை நிறுத்தி, மேலே ஒரு பெரும்பலகையை மூடி, வீடு வீடாகக் கட்டி வைத்திருக்கிறார்கள். இவை பெருங்கற்காலத்துக் கல்திட்டைகள், இறந்தவர்களுக்காகக் கட்டியவை. சிலவற்றில் ஒரு பலகையில் வட்டமாக இடுதுளை இருக்கும். பாண்டவர்கள் வனவாசத்தில் தங்கிய வீடு என்பது எங்கள் பக்கத்துக் கதை. அவ்வளவு குட்டையான வீட்டில் பீமன் எப்படிப் படுத்தான் என்று பையன் கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை.

இவ்வளவு கல்லை எங்கிருந்து கொண்டுவந்தார்கள் என்று யோசிக்க வேண்டியதே இல்லை. காலடியிலேயே இருக்கிறது. வெயிலிலும் குளிரிலும் இந்தப் பாறை அடுக்கடுக்காகப் பலகைபோல உரியும். நெருப்பு மூட்டிச் சூடாக்கிக் கல் பெயர்க்கும் வித்தை எங்கள் பக்கத்துக் கல்லுடைப்பவர்களுக்கு அண்மைக் காலம்வரை தெரிந்திருந்தது. பார்க்கப் போகிறவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன்: மூடுகல்லின் மேல் ஏறி நின்று படம் எடுக்காதீர்கள். பல கல்திட்டைகள் சரிந்து கிடக்கின்றன, புதையல் ஆசையில் தோண்டிப் போட்டவையும் உண்டு. நம் பங்குக்கு நாமும் ஒன்றைச் சரிக்க வேண்டாம்.

இன்னும் பழையது வேண்டும் என்பவர்களுக்கு பர்கூர் பக்கம் தொகரப்பள்ளி அருகே மயிலாடும்பாறை இருக்கிறது. அங்கே கிடைத்த இரும்பு கி.மு. 2172-ஐச் சேர்ந்தது என்று 2022-இல் முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தபோது ஊரே இரண்டு நாள் அதைத்தான் பேசியது. பிறகு தூத்துக்குடி மாவட்டத்துச் சிவகளை அதைவிடப் பழைய தேதியோடு வந்து எங்களை முந்திவிட்டது. பரவாயில்லை, விட்டுக்கொடுக்கிறோம். குழந்தைகளோடு போகிறவர்களுக்கு மல்லச்சந்திரம்தான் சரி. அங்கே கண்முன்னால் வீடுகள் நிற்கின்றன. மயிலாடும்பாறையில் நிறையக் கற்பனை செய்துகொள்ள வேண்டும்.

அணைக்கு வருகிறேன். கிருஷ்ணகிரி நீர்த்தேக்கத் திட்டத்தின் ஆங்கிலச் சுருக்கமான கே.ஆர்.பி. அணை என்றால்தான் எங்களுக்குத் தெரியும். தென்பெண்ணையின் குறுக்கே கட்டி, 1957-இல் காமராஜர் திறந்தது. முழு நீர்மட்டம் 52 அடி. 2017-இல் ஒரு மதகு உடைந்து தண்ணீர் சீறிக்கொண்டு போனதைத் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். பூங்கா இருக்கிறது, ஊஞ்சல் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை ஊரே அங்கேதான் இருக்கும். பூங்காவுக்காகப் போக வேண்டாம், மீனுக்காகப் போங்கள். நுழைவாயில் பக்கத்துக் கடைகளில் மசாலா தடவிய மீன்களை வரிசையாக அடுக்கியிருப்பார்கள். நீங்கள் கைகாட்டும் மீனைத்தான் எண்ணெயில் போடுவார்கள். முன்பே பொரித்து வைத்ததை வாங்காதீர்கள், ஐந்து நிமிடம் நின்றாலும் புதிதாகப் போடச் சொல்லுங்கள். போகும் வழியில் அவதானப்பட்டி ஏரியில் படகு உண்டு. சின்னக் குழந்தைகள் இருந்தால் அரை மணி நேரம் ஓடும்.

இனி மாம்பழம். இதில் எனக்குத் தொழில்முறைக் கோபங்கள் உண்டு, பொறுத்துக்கொள்ளுங்கள். மே மாதத்திலிருந்து ஆகஸ்ட் வரை எனக்கு ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று கிடையாது. ஆலை வாசலில் காய் ஏற்றிய லாரியும் டிராக்டரும் வரிசை கட்டும். விவசாயி வண்டிக்கு அடியில் துண்டு விரித்துப் படுத்திருப்பார். அன்றைய விலை என்ன என்று அவர் என்னைக் கேட்பார், நான் உள்ளே கேட்பேன், உள்ளே இருப்பவர் யாரையோ போனில் கேட்பார். எங்கள் பக்கம் கூழுக்குப் போவது பெரும்பாலும் தோத்தாபுரி. பெங்களூரா என்றும் சொல்வோம். மூக்கு வளைந்த நீளக் காய். அல்போன்சாவும் போகும். தோல், கொட்டை நீக்கி, கூழாக்கி, சூடாக்கி, காற்றுப் புகாத பையில் அடைத்து, 215 கிலோ டிரம்மில் ஏற்றிக் கப்பலுக்கு அனுப்புகிறோம். துபாயில் மாம்பழச் சாறு குடிக்கும் உங்கள் உறவினர் வாயில் இருப்பது எங்கள் போச்சம்பள்ளித் தோட்டமாகவும் இருக்கலாம்.

ஆண்டுதோறும் ஜூன், ஜூலையில் ஊரில் அகில இந்திய மாங்கனிக் கண்காட்சி நடக்கிறது. ராட்டினம், அப்பளம், அரசுத் துறை அரங்குகள், மாலையில் மேடை நிகழ்ச்சி எல்லாம் உண்டு. கூட்டத்தில் ராட்டினத்துக்கு வரிசையில் நிற்காமல், தட்டுத்தட்டாக வைத்திருக்கும் மாம்பழ ரகங்களை முதலில் பாருங்கள். வீட்டுக்கு வாங்கும்போது தோத்தாபுரி பழமாக வேண்டாம். அதைக் காயாக வாங்கிக் கீற்றுப் போட்டு உப்பு மிளகாய்த்தூள் தொட்டுத் தின்ன வேண்டும். பழத்துக்குச் செந்தூரா, பங்கனப்பள்ளி, பணம் இருந்தால் மல்கோவா. சீசன் கடைசியில் நீலம். நெடுஞ்சாலை ஓரத்தில் அழகாக அடுக்கி வைத்திருப்பதை வாங்குவதற்கு முன் காம்புப் பக்கம் முகர்ந்து பாருங்கள். வாசனை இல்லாமல் தோல் மட்டும் மஞ்சளாக இருந்தால் வண்டியை எடுங்கள். தோட்டம் வைத்திருப்பவர்கள் சந்தூருக்குப் போகலாம், மாங்கன்றுப் பண்ணைகள் நிறைந்த ஊர்.

பாறையும் மாம்பழமும் பிடிக்காதவர்கள் கூத்துப் பார்க்க வாருங்கள். கோடையில் ஊருக்கு ஊர் பாரதம் நடக்கும். பகலில் பிரசங்கம், இரவு முழுவதும் தெருக்கூத்து, அர்ச்சுனன் தபசு மரம் ஏறுவது, கடைசி நாள் காலையில் துரியோதனன் படுகளம். மைதானத்தில் மண்ணால் செய்த துரியோதனன் மல்லாந்து கிடப்பான். இதற்கு டிக்கெட் கிடையாது, நேரம் சொல்லும் விளம்பரமும் கிடையாது. டீக்கடையில் விசாரித்தால் எந்த ஊரில் எத்தனையாவது நாள் என்று சொல்லிவிடுவார்கள். போர்வை எடுத்துப் போங்கள். பொங்கலை ஒட்டி எருது விடும் விழா நடக்கும். தடுப்புக்கு வெளியே மாடியிலிருந்து பார்ப்பதாக இருந்தால் மட்டும் போகலாம். பையன் கெஞ்சியும் நான் அழைத்துப் போகவில்லை.

ஒகேனக்கல் எங்கே என்று கேட்பீர்கள். அது தர்மபுரி மாவட்டம், பென்னாகரம் தாண்டி. பரிசல், எண்ணெய்க் குளியல், மீன் குழம்பு மூன்றையும் முழுசாக அனுபவிக்க ஒரு நாள் அதற்கே வேண்டும். கிருஷ்ணகிரியோடு சேர்த்து ஒரே நாளில் முடிக்கிறேன் என்று திட்டம் போடுகிறவர்கள் இரண்டையும் கார் ஜன்னல் வழியாகத்தான் பார்ப்பார்கள். அந்தப் பக்கம் போனால் அதியமான்கோட்டையில் சென்றாயப்பெருமாள் கோயிலுக்குள் போய் மேற்கூரையை அண்ணாந்து பாருங்கள், பழைய ஓவியங்கள் இருக்கின்றன. பாப்பாரப்பட்டியில் சுப்பிரமணிய சிவாவின் நினைவிடம் இருக்கிறது. 1925-இல் அவர் காலமானது அந்த ஊரில்தான்.

நாத்தனார் ஒருநாள் தங்க வந்து இரண்டு நாள் தங்கினாள். போகும்போது, "அடுத்த தடவை ராயக்கோட்டை மலை ஏறலாம் அண்ணி" என்றாள். அதுவும் கோட்டை மலைதான். கீழே தக்காளிச் சந்தை. ஏறி இறங்கி ஒரு பெட்டி தக்காளி வாங்கிவரலாம். வீட்டுக்காரர் முகத்தில் மகிழ்ச்சி இல்லை, முழங்கால் வலி.

வருகிறவர்களுக்குக் கடைசியாக நடைமுறைச் செய்தி. பாறைக்கு வருவதானால் நவம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரிக்குள் வாருங்கள், பழத்துக்கு ஜூனில் வாருங்கள். இரண்டையும் சேர்க்க முடியாது, மே மாத மதியத்தில் சையத் பாஷா மலையில் உங்களைத் தேடி யாரும் ஏறி வரமாட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை மாலை பெங்களூர் திரும்பும் வண்டிகள் டோல்கேட்டில் நிற்கும் நிற்பைப் பார்த்திருப்பீர்கள். எனவே ஞாயிறு இரவு இங்கேயே தங்கிவிட்டுத் திங்கள் விடியற்காலை ஐந்து மணிக்குக் கிளம்புங்கள். பஸ் நிலையத்தில் அந்த நேரத்துக்கும் சூடான காபி கிடைக்கும்.